திரும்பி வரத் தெரிந்தவர்களின் குளிர்காலம்

(ஒஸ்லோவில் தமிழ்ப் பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குளிர்காலத்தில் வெளியே போய்ச் சந்தோசமாக இருப்பது பற்றி ஒரு தமிழன் பேசப் போகிறான் என்று அறிவித்ததும் பின்வரிசையில் சிலர் சிரித்தீர்கள். சிரிக்க வேண்டிய விசயந்தான். ஒக்டோபர் பிறந்தால் கதவைச் சாத்திக்கொண்டு மே மாதத்தைப் பார்த்திருக்கிற சனம் நாங்கள். வீட்டிலிருந்து காருக்கு, காரிலிருந்து மண்டபத்துக்கு, மண்டபத்திலிருந்து திரும்பவும் காருக்கு. நடுவில் இருக்கிற பத்தடி தூரத்தையும் ஓடித்தான் கடக்கிறோம்.

ஆனால் குளிர் எங்கள் உடம்புக்கு ஒத்துவராது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1956இல் அந்தோனி இராஜேந்திரம் என்ற தமிழர் யாழ்ப்பாணத்திலிருந்து இந்த நாட்டுக்கு வந்தார். பிறகு எண்பதுகளில் வந்தவர்களில் பலர் வடக்கே ஃபின்மார்க்கில் மீன் பதனிடும் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். நவம்பர் கடைசியில் மறைகிற சூரியன் சனவரி பாதி கழியும்வரை தலைகாட்டாத கரையோர ஊர்கள் அவை. பாரென்ட்ஸ் கடல் காற்றுக்குள் நடந்து வேலைக்குப் போய், நாள் முழுக்க ஐஸ் மீனை வெட்டிவிட்டு, போன இருட்டிலேயே திரும்பி வந்தவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள். குளிரில் உழைக்கத் தெரிந்த சனம். விளையாடிப் பார்க்கத்தான் இல்லை. அதற்கு அப்போது நேரமும் இருக்கவில்லை. ஊருக்குக் காசு அனுப்ப வேண்டியிருந்தது.

இப்போது நேரம் இருக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஸ்கீ நாள் என்று போய்க் கன்னம் சிவக்க வருகிறார்கள். அங்கே என்ன செய்தாய் என்று கேட்கவும் எங்களுக்குத் தெரியவில்லை, சொல்லவும் அவர்களுக்குத் தமிழில் வரவில்லை. அந்த இடைவெளியைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

நோர்வேக்காரர் காலில் ஸ்கீயோடு பிறக்கிறவர்கள் என்று அவர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். பிறக்கும்போதே எந்தப் பிள்ளையும் அப்படி வந்ததாக நான் காணவில்லை. அது ஒரு கைத்தொழில், பழகினால் வருகிறது. அவர்களும் ஒருவரிடமிருந்துதான் பழகினார்கள். 1888இல் ஃப்ரித்யொஃப் நான்சன் கிறீன்லாந்தின் பனிப்பரப்பை ஸ்கீயில் கடந்தபோது கூடப் போனவர்கள் ஐந்து பேர். அவர்களில் இருவர் வடக்கின் பழங்குடியான சாமி இனத்தவர்: சாமுவேல் பால்தோ, ஊலே நீல்சன் ராவ்னா. றுவால் அமுண்ட்சன் 1903 முதல் 1905 வரை கனடாவின் வடக்கே கிங் வில்லியம் தீவில் இரண்டு குளிர்காலம் தங்கியிருந்தார். அங்கே நெட்சிலிக் மக்களிடம் நாய்வண்டி ஓட்டவும், பனிவீடு கட்டவும், தோலுடுப்பு உடுக்கவும் படித்தார். அவர்களுடைய உடுப்பு தொளதொளவென்று இருக்கும். உள்ளே காற்று ஓடும், வியர்வை தங்காது. அந்தப் பாடத்தைச் சுமந்துகொண்டுதான் அவர் 1911 டிசம்பர் 14ஆம் திகதி தென்துருவத்தில் நின்றார். துருவத்தையே வென்ற மனிதன் அயலவரிடம் உடுக்கப் படித்திருக்கிறான். எங்களுக்கு மட்டும் என்ன வெட்கம்?

உடுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் நடக்கிற பிழைகளில் பெரும்பாலானவை வாசலில் உடுத்துகிற அந்தப் பத்து நிமிடத்திலேயே நடந்து முடிந்துவிடுகின்றன.

குளிரில் எங்களுடைய முதல் எதிரி ஈரம். தண்ணீர் காற்றைவிடக் கிட்டத்தட்ட 25 மடங்கு வேகமாக உடம்பின் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். அந்த ஈரம் பெரும்பாலும் வானத்திலிருந்து வருவதில்லை, எங்கள் முதுகிலிருந்து வருகிறது. பிள்ளைக்குக் குளிரும் என்று பயந்து பருத்தி பெனியன், அதற்கு மேல் பருத்திச் சட்டை, அதற்கு மேல் தடித்த ஜக்கெட் என்று ஏற்றிவிடுகிறோம். பிள்ளை பத்து நிமிடம் ஓடியதும் வேர்க்கிறது. பருத்தி அந்த வேர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், இலேசில் விடாது. பிள்ளை ஓட்டத்தை நிறுத்திச் சொக்லேற் சாப்பிட உட்காருகிற நேரத்தில் நனைந்த துணி முதுகில் ஒட்டும். அப்போது தொடங்குகிற நடுக்கத்துக்கு இன்னொரு ஜக்கெட் மருந்தாகாது. அதனால் உடம்போடு ஒட்டுகிற உடுப்பு கம்பளியாக இருக்கட்டும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு பிடிக்கும். அதற்கு மேலும் ஒரு கம்பளி, அல்லது ஃபிளீஸ். ஆக வெளியே காற்றை மறிக்கிற மெல்லிய ஒன்று. புறப்படும்போது உங்களுக்குக் கொஞ்சம் குளிர வேண்டும். வாசலிலேயே சுகமாக இருந்தால் முதல் ஏற்றத்திலேயே வேர்த்துவிடும்.

கரையோரத்தில் பிறந்தவர்களுக்குப் பிடிக்கும் என்று ஒரு கதை வைத்திருக்கிறேன். 1933இல் ஹென்ரிக் ப்ரூன் என்ற நோர்வே இராணுவ அதிகாரி பழைய மீன்பிடி வலைகளை எடுத்து உள்பெனியனாகக் கட்டிப் பார்த்தார். முழுக்க ஓட்டை! ஆனால் மேலே இன்னொரு உடுப்புப் போட்டதும் ஒவ்வொரு கண்ணிலும் காற்று அடைபட்டுச் சூடாக நிற்கிறது. வேர்வை வலையில் தங்காமல் வெளியே போகிறது. அந்த வலைப் பெனியன் இன்றைக்கும் கடையில் விற்கிறது. வலையோடு பிறந்து வளர்ந்த எங்கள் ஆட்கள் ஒருவருக்கும் அந்த யோசனை வரவில்லையே என்று நான் குறைப்படவில்லை. எங்களுக்கு ஊரில் அதற்குத் தேவை இருக்கவில்லை.

காலுக்கு வருவோம். குளிருகிறது என்று பிள்ளைக்கு இரண்டு சோடி மேஸ் மாட்டி, அதே சப்பாத்துக்குள் காலைத் திணித்து, நாடாவை இறுக்கிக் கட்டுகிறோம். சூடு தருவது மேஸின் நூலிழைக்கு நடுவில் நிற்கிற காற்று. அதை நசுக்கிவிட்டோம். இறுக்கத்தில் இரத்த ஓட்டமும் குறைகிறது. ஒரு சோடி மேஸைவிட இரண்டு சோடி அதிகம் குளிருவது இதனால்தான். சப்பாத்துக்குள் கால்விரல்கள் தாளம் போட இடம் இருக்க வேண்டும். வாங்கும்போது ஓரளவு பெரிதாகவே வாங்குங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சின்னப் பிள்ளையைச் சறுக்கு வண்டியில் இருத்தி அப்பா இழுத்துக்கொண்டு போவார். அப்பாவுக்கு நெற்றியெல்லாம் வேர்வை. தனக்குச் சூடாக இருக்கிறபடியால் பிள்ளைக்கும் சூடு என்று நினைத்துவிடுவார். பிள்ளையோ அரை மணித்தியாலமாக அசையாமல் இருக்கிறது. அடிக்கடி நிறுத்திப் பிடரியில் கையை வைத்துப் பாருங்கள். பிள்ளையின் கை சில்லிட்டிருந்தால் பெரிய விசயமில்லை, பிடரி சில்லிட்டால் இறக்கி நடக்க விட வேண்டும். அமைதியாகிவிட்ட பிள்ளையை இன்னும் கவனமாகப் பாருங்கள். கத்துகிற பிள்ளைக்கு அநேகமாக ஒன்றும் இல்லை.

சரி, வெளியே வந்துவிட்டோம். எங்கே போகலாம்? பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி: இந்த நாட்டின் சட்டப்படி குளிர்காலத்தில்தான் உங்களுக்கு அதிக இடம் திறந்திருக்கிறது. 1957ஆம் ஆண்டின் திறந்தவெளிச் சட்டம் காட்டிலும் மலையிலும் ஆண்டு முழுவதும் யாரும் நடக்கலாம் என்கிறது. வயலும் புல்வெளியும் அப்படியில்லை, அவை கமக்காரனுடையவை. ஆனால் ஒக்டோபர் 14 முதல் ஏப்ரல் 30 வரை, நிலம் உறைந்திருந்தாலோ பனி மூடியிருந்தாலோ, அந்த வயலையும் குறுக்கே கடக்கலாம். வீட்டு முற்றத்திலிருந்தும் வளவிலிருந்தும் மட்டும் விலகி நடக்க வேண்டும். நெருப்பு விசயமும் இப்படித்தான். ஏப்ரல் 15 முதல் செப்ரெம்பர் 15 வரை காட்டிலும் காட்டோரத்திலும் நெருப்பு மூட்டப் பொதுத்தடை. மற்ற மாதங்களில் கவனமாக மூட்டலாம். கோடையில் கோபித்துக்கொள்கிற சட்டம் குளிரில் இளகிவிடுகிறது.

நெருப்பு என்றதும் எங்கள் அம்மாமாரின் முகம் மலர்கிறது. அடுப்போடு வளர்ந்தவர்களுக்கு இது வரும். பனிக்கு மேல் மூட்டுவதில் மட்டும் ஒரு சூட்சுமம் உண்டு. வெறும் பனியில் விறகை வைத்தால் நெருப்புத் தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டு, உருகிய தண்ணீரில் விழுந்து அணைந்துபோகும். பனியைக் காலால் மிதித்து இறுக்குங்கள். முடிந்தால் நிலம் தெரியுமட்டும் கிண்டுங்கள். இல்லையென்றால் கைத்தடிப்பான மரத்துண்டுகள் நாலைந்தை நெருக்கமாக அடுக்கித் தளம் போடுங்கள். அதன் மேல் பேர்ச் மரத்துப் பட்டை. ஈரமாக இருந்தாலும் எண்ணெய்ப் பிடிப்பால் கரும்புகை விட்டுக்கொண்டு பற்றும். கீழே விழுந்து கிடக்கிற மரத்திலிருந்தோ வீட்டு விறகிலிருந்தோ அதை உரியுங்கள், நிற்கிற மரத்தைத் தொட வேண்டாம். பிறகு சுள்ளி, பிறகு விறகு. பனி ஏறிய கிளைக்குக் கீழே மட்டும் மூட்டாதீர்கள். சூடேறினால் கிளையிலுள்ள பனி முழுவதும் உங்கள் நெருப்பின் தலையில் கொட்டும். நோர்வேப் பிள்ளைகள் குச்சியில் சொசேஜ் குத்திச் சுடுவார்கள். நான் கண்ட தமிழ்க் குடும்பங்கள் மிளகாய்த்தூள் பூசிய கோழிக்காலும் வெள்ளித்தாளில் சுற்றிய றொட்டியும் கொண்டுவருகின்றன. வாசனைக்குப் பக்கத்து நெருப்புக்காரர் எழுந்து வருவார்கள். இந்த நாட்டில் அறிமுகமில்லாதவர்கள் தாமாகவே வந்து கதைக்கிற இடம் வேறெது என்று யோசித்துப் பாருங்கள்.

இனி, கொஞ்சம் முரண்டு பிடிக்கப் போகிறேன். மோசமான காலநிலை என்று ஒன்று இல்லை, மோசமான உடுப்புத்தான் உண்டு என்று பாலர் பள்ளியிலிருந்தே எங்களுக்குச் சொல்கிறார்கள். நல்ல உடுப்பு வாங்க வைப்பதற்கு அது நல்ல வசனம். உண்மை பாதிதான். மோசமான காலநிலை இருக்கிறது. அது ஆளைக் கொல்லும். அதை நோர்வேக்காரரைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இல்லை.

1967ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் மலைகளில் 18 பேர் இறந்தார்கள். ஈஸ்டருக்கு மலைக்குப் போவது இங்கே ஒரு தேசிய வழக்கம், தோடம்பழமும் சொக்லேற்றுமாகக் கிளம்புவார்கள். நாடு அதிர்ந்துபோனது. செஞ்சிலுவைச் சங்கமும், 1868இல் தொடங்கிய நோர்வே மலையேற்றச் சங்கமும் சேர்ந்து மலை விதிகளை நாடெங்கும் பரப்பின. க்விக் லுன்ஷ் என்ற சொக்லேற்றைப் பிள்ளைகள் உங்களிடம் கேட்டு வாங்கியிருப்பார்கள். 1937இலிருந்து விற்கிறது. அதன் உறையை எறியுமுன் உள்பக்கத்தைப் பாருங்கள். விதிகளை அதில்தான் அச்சிட்டார்கள். மொத்தம் ஒன்பது. போகிற வழியை யாரிடமாவது சொல்லிவிட்டுப் போ, உன் பலத்துக்குத் தக்க பாதையைத் தெரிவு செய், காலநிலை அறிவிப்பைப் பார் என்று போகும். எட்டாவது விதியைத்தான் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்: நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை.

இந்த விதி இவர்களுடைய பெரிய வீரர்களிடமே இருக்கிறது. கிறீன்லாந்தை நான்சன் ஆளில்லாத கிழக்குக் கரையிலிருந்து கடந்தார். பின்னால் போக இடம் வைக்காத திட்டம். பள்ளிப் புத்தகங்களுக்குப் பிடித்த வீரம் அது. ஆனால் அதே நான்சன் 1895 ஏப்ரலில், யல்மார் யொஹான்சனோடு வடதுருவத்தை நோக்கிப் போனபோது, துருவத்துக்கு நானூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல் இருக்கையில் திரும்பினார். அதுவரை எந்த மனிதனும் எட்டாத வடக்கு அது. பனிமேடுகள் ஏறி ஏறி முடியவில்லை, சாப்பாட்டுக் கணக்கும் இடித்தது. இருவரும் ஒரு குளிர்காலத்தைக் கல்லும் வால்ரஸ் தோலும் வைத்துக் கட்டிய குடிலில் கழித்து 1896இல் உயிரோடு வீடு வந்தார்கள். அமுண்ட்சனும் அப்படித்தான். 1911 செப்ரெம்பர் 8ஆம் திகதி அவசரப்பட்டுத் துருவத்துக்குப் புறப்பட்டார். குளிர் மைனஸ் 56 பாகைவரை இறங்க, முகாமுக்குத் திரும்பினார். அழகான திரும்பல் அல்ல அது. ஆட்களைப் பின்னால் விட்டுவிட்டு முன்னால் விரைந்தார் என்று அவருடைய முகத்துக்கு நேரே கண்டித்தவர் அதே யொஹான்சன். எப்படியோ திரும்பினார்கள், ஒக்டோபரில் மீண்டும் போனார்கள். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

எங்கள் ஊரில் வாடைக் காற்று மாறி வானம் கறுத்தால் வள்ளத்தை இறக்காத சம்மாட்டியை யாரும் பயந்தாங்கொள்ளி என்று சொன்னதில்லை. கரையில் நின்று காற்றைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன அந்த மனிதருக்கு எட்டாவது விதியை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. பனியில் மட்டும் ஏன் பிள்ளைகளுக்கு முன்னால் வீரம் காட்ட வேண்டும்?

காற்றைப் படிக்கப் பழகுங்கள். வெப்பமானி மைனஸ் 10 காட்டும்போது நொடிக்குப் பத்து மீற்றர் காற்று வீசினால், வெறும் தோலுக்கு அது மைனஸ் 20 போலத் தெரியும். ஸ்கீயில் இறங்கும்போது நீங்கள் உண்டாக்குகிற காற்றும் இந்தக் கணக்கில் சேரும். ஆகவே மூக்கு நுனியையும் கன்னத்தையும் ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்ளுங்கள். தன் கன்னத்தில் வெள்ளைப் புள்ளி விழுந்தால் தனக்குத் தெரியாது. மரத்துப்போகிற இடத்தில் வலியும் இருக்காது. அந்த இடத்தை வெறுங்கையால் பொத்திப் பிடியுங்கள். பனியை வைத்துத் தேய்க்கச் சொல்கிற பழைய வைத்தியத்தை மறந்துவிடுங்கள், அது தோலை இன்னும் கெடுக்கும்.

ஏரிக்கு மேல் நடப்பவர்களுக்கு: தெளிந்த கடினமான பனிக்கட்டி பத்துச் சென்ரிமீற்றர் இருந்தால் ஆள் நடக்கலாம். ஓடை வந்து சேருகிற இடத்திலும், பாலத்தடியிலும், ஒடுங்கிய வாயிலும் அதே ஏரி மெலிந்திருக்கும். கழுத்தில் கொழுவுகிற சோடி ஆணிப்பிடி விற்கிறார்கள், விலை அதிகமில்லை. உடைந்து விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு உங்கள் சொல் கேட்காது. அதை அடக்குவதுதான் அந்த நிமிடத்தின் வேலை. அடுத்த பத்து நிமிடமளவில் கைகால் உதவும். வந்த பக்கமாகவே திரும்பி, ஆணியைக் குத்தி, வயிற்றால் ஊர்ந்து ஏற வேண்டும், ஏனென்றால் அந்தப் பக்கத்துப் பனிக்கட்டி உங்களைத் தாங்கிக் காட்டியிருக்கிறது. ஏறிய பிறகும் எழுந்து நிற்காமல் உருண்டே விலகுங்கள். பனிச்சரிவைப் பற்றி இன்று நான் அதிகம் சொல்லப் போவதில்லை. முப்பது பாகைக்கு மேல் சரிவான மலைப்பக்கம் படிக்காதவர்களுக்கு உரியதல்ல. அதற்கு வகுப்புகள் உண்டு.

வைத்தியர் சொல்ல வேண்டிய ஒன்றையும் இடையில் சொல்லிவிடுகிறேன். வெயில் படுகிறது, விற்றமின் டி கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு சனவரியில் வெளியே போகாதீர்கள். இந்த அகலக்கோட்டில் குளிர்காலச் சூரியன் மிகவும் தாழ்ந்து நிற்பதால் தோலில் அது உண்டாவதில்லை. எங்கள் நிறத்துக்குக் கோடையிலும் நேரம் எடுக்கும். ஒஸ்லோவில் குடியேறியவர்களிடம் செய்த ஆய்வுகளில் இலங்கையரிடமும் குறைபாடு தெரிந்தது. பழைய நோர்வேக்காரர் செப்ரெம்பர் முதல் ஏப்ரல்வரை மீனெண்ணெய் குடித்தார்கள், நீங்களும் குடியுங்கள். வெளியே போவதற்குக் காரணம் வேறு. கண்ணுக்கு வெளிச்சம், காலுக்கு வேலை, பிள்ளையோடு ஒரு முழுப்பகல்.

பெரியவர்களுக்கு ஸ்கீ வேண்டியதில்லை. சப்பாத்தின் அடியில் மாட்டுகிற முள்ளுப்பட்டி ஒன்று வாங்கிக்கொண்டு நடந்தால் போதும். மணிக்கட்டு முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிற அம்மாமாரில் எத்தனை பேர் மலையில் விழுந்தவர்கள்? பேருந்துத் தரிப்பிடத்திலும் கடை வாசலிலும்தான் விழுந்திருக்கிறார்கள்.

காசைப் பற்றிப் பேசாமல் போனால் நீங்கள் என்னை நம்பமாட்டீர்கள். இது செலவான விளையாட்டு, மூன்று பிள்ளை உள்ள வீட்டில் மூன்று சோடி ஸ்கீ, அடுத்த வருசம் மூன்றும் கட்டை. உண்மை. அதற்காகவே பூஆ என்ற அமைப்பின் இரவல் நிலையங்கள் இருக்கின்றன. ஸ்கீ, சறுக்கு வண்டி, பனிச்சறுக்குச் சப்பாத்து எல்லாம் இலவசமாகத் தருவார்கள், பாவித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் போதும். பழக்க வேண்டுமென்றால், 1883இலிருந்து இயங்குகிற ஸ்கீஃபொரெனிங்கன் என்ற சங்கம் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகிறது. ஒஸ்லோவைச் சுற்றியுள்ள காட்டில் ஸ்கீ தடங்களைச் சீர்செய்வதும் அவர்கள்தான். வேலை முடிந்து இருட்டிய பிறகும் போகலாம், பல தடங்களுக்கு விளக்குப் போட்டிருக்கிறார்கள்.

தொடங்குவதற்கு ஸ்கீ கூட வேண்டாம். முதலாம் இலக்க ரி-பானா ரயிலில் ஏறிக் கடைசித் தரிப்பான ஃப்ரொக்னர்செத்தரனில் இறங்குங்கள். அங்கிருந்து கொர்க்கத்ரெக்கரன் என்ற சறுக்குப் பாதை கீழே மித்ஸ்தூவன்வரை போகிறது. இரண்டு கிலோமீற்றர் நீளம், 255 மீற்றர் இறக்கம். கீழே போய்ச் சேர்ந்தால் அதே ரி-பானாவில் ஏறி மறுபடி மேலே வரலாம். சறுக்கு வண்டியோடு பெட்டி நிறையச் சனம் நிற்கும். தலைக்கவசம் கட்டாயம் போடுங்கள். வளைவில் வேகத்தைக் குறைக்கக் குதியை ஊன்ற வேண்டும், கையை ஊன்றக் கூடாது. விழுந்தால் உடனே ஓரத்துக்கு உருளுங்கள், பின்னால் வருகிறவர் நிறுத்த மாட்டார்.

டிசம்பரில் ஒஸ்லோவில் பிற்பகல் மூன்றரைக்கு முன்பே சூரியன் போய்விடுகிறது. எனவே மத்தியானச் சோற்றை முடித்துவிட்டுப் போகலாம் என்று நிற்காதீர்கள், சோற்றைக் கட்டிக்கொண்டு காலையிலேயே கிளம்புங்கள். சுடுதண்ணிப் போத்தலில் இஞ்சித் தேத்தண்ணி, இருப்பதற்கு மெத்தைத் துண்டு, பையில் உலர்ந்த மேஸ் ஒரு சோடி. இரவல் நிலையத்தில் பிள்ளையின் உயரமும் சப்பாத்து அளவும் கேட்பார்கள், எழுதிக்கொண்டு போங்கள். சனிக்கிழமைகளில் வரிசை நீளம், கிழமை நாளில் போவது நல்லது.